உப்புக்காரர் என்றொரு ஆங்கிலப் பெயர்

பேத்திக்கு எடை பார்ப்பதற்காகச் சில மாதங்களுக்கு முன் அங்கன்வாடிக்குப் போயிருந்தோம். கூரை விட்டத்தில் ஒரு வட்டத் தராசு தொங்கிக்கொண்டிருந்தது. கீழே கொக்கி, கொக்கியில் துணித் தொட்டில். குழந்தையைத் தொட்டிலில் வைத்ததும் முள் சுற்றி வந்து நின்றது. டீச்சர் எடையைக் குறித்துக்கொண்டார். கூட வந்திருந்த பேரன் மூன்றாம் வகுப்பு படிக்கிறான். தராசின் முகத்தில் இருந்த ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படித்தவன் திரும்பி நம்மைப் பார்த்தான்.

"தாத்தா, இது நம்ம உப்பு மூட்டை நிறுக்கிற தராசா?"

"இல்லடா, குழந்தைங்களை நிறுக்கிறது."

"அப்புறம் ஏன் சால்ட்னு போட்டிருக்கு?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தோம். சால்ட் என்று மட்டும் இல்லை, சால்ட்டர் என்று இருந்தது. அது தராசு செய்த கம்பெனியின் பெயர் என்று சொல்லிச் சமாளித்தோம். ஆனாலும் மனம் கேட்கவில்லை. மரக்காணத்தில் தலைமுறையாக உப்பு மொத்த வியாபாரம் செய்கிறோம். உப்பு என்ற சொல் ஒரு தராசின் நெற்றியில் எப்படி ஏறியது என்று பேரன் கேட்டதற்குப் பதில் தெரியவில்லையே என்று இருந்தது. தெரிந்த ஆங்கில ஆசிரியர் ஒருவரைக் கேட்டும், நூலகத்தில் புரட்டியும் அறிந்ததை நம் சங்க இதழின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம். இது வெறும் பெயர்க் கதை என்று நினைத்துத்தான் தொடங்கினோம். முடிக்கும்போது நம் வியாபாரத்தின் கதையாகவே தெரிந்தது.

பெயரின் பொருள்

சால்ட்டர் என்பது ஆங்கிலேயரின் குடும்பப் பெயர்களில் ஒன்று. சால்ட் என்றால் உப்பு. கடைசியில் வரும் 'அர்' என்ற ஒலி, நம் 'காரர்' செய்யும் வேலையைச் செய்கிறது. பால்காரர், வண்டிக்காரர் என்பதுபோல அங்கே ரொட்டி சுடுகிறவர் பேக்கர், நெசவு செய்கிறவர் வீவர், மாவு அரைக்கும் ஆலைக்காரர் மில்லர். அதே கணக்கில் உப்பு காய்ச்சுகிறவரும் உப்பு விற்கிறவரும் சால்ட்டர். நேராகத் தமிழில் சொன்னால் உப்புக்காரர், அவ்வளவுதான். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் உண்டு.

இதில் ஒரு சிறு திருத்தமும் சொல்ல வேண்டும். சால்ட்டர் என்ற பெயருடைய எல்லோரும் உப்புக்காரர் வழியினர் என்று அடித்துச் சொல்ல முடியாது. சால்ட்டரி என்று ஒரு பழைய நரம்பு வாத்தியம் உண்டு. அதை மீட்டுகிறவரின் பெயரும் மருவி மருவி சில குடும்பங்களில் சால்ட்டர் என்றே வந்து சேர்ந்துவிட்டது. பெயர் ஒன்றாக இருந்தாலும் சரக்கு வேறு!

ஆங்கிலேயர் உப்பு செய்யும் முறை நம்முடையதல்ல. நமக்கு வெயில் இருக்கிறது. கடல்நீரையோ நிலத்தடி உவர்நீரையோ பாத்தி பாத்தியாக மாற்றிக் கெட்டிப்படுத்தினால் உப்பு தானே பூக்கிறது. அதனால்தான் நாம் உப்பு 'விளைகிறது' என்கிறோம். அவர்கள் நாட்டில் அந்த வெயில் ஏது? செஷயர் மாவட்டத்து நார்த்விச், மிடில்விச், நான்ட்விச் ஊர்களிலும், தெற்கே ட்ராய்ட்விச்சிலும் தரைக்கடியிலிருந்து உப்பு ஊற்று வந்தது. அந்த நீரை ஈயக் கொப்பரைகளில் ஊற்றி, விறகு எரித்துச் சுண்டக் காய்ச்சினார்கள். அப்படிக் காய்ச்சுகிறவருக்கு வாலர் என்று பெயர். கொதிப்பது என்ற பழைய சொல்லிலிருந்து வந்தது. அதுவும் இன்று ஒரு குடும்பப் பெயர். சுவர் கட்டுகிற கொத்தர் வழியாக வந்த வாலர்களும் உண்டு. ஆக, உப்பு ஒரு தொழில்தான், அது தந்த பெயர்களோ ஒன்றுக்கு மேல்.

பட்டம் பெயராக உறைந்தது

ஆங்கிலேயருக்கும் ஒரு காலத்தில் குடும்பப் பெயர் கிடையாது. 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு வில்லியம், ராபர்ட், ஜான் என்று சில பெயர்களே நாடெங்கும் பெருகின. ஒரே ஊரில் பத்து ஜான் இருந்தால் யார் எவர் என்று எப்படித் தெரியும்? நம் ஊரிலும் பத்து முருகன் இருந்தால் மளிகைக்கடை முருகன், மேலத்தெரு முருகன், நெட்டை முருகன் என்றுதானே பிரிக்கிறோம்? அவர்களும் அப்படியே செய்தார்கள். தொழிலால், ஊரால், தகப்பன் பெயரால், உருவத்தால் அடையாளம் வைத்தார்கள்.

தொடக்கத்தில் அது ஆளுக்கு வைத்த அடையாளம். உப்பு விற்றவரின் மகன் தச்சனானால் அவன் தச்சன் என்றே அழைக்கப்பட்டான். பிறகு நிலம், வாரிசு, வரி என்று எழுத்து வேலை பெருகியது. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் தலைவரி போட்டுப் பெயர்ப் பட்டியல் எடுத்தார்கள். 1538ல் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் எல்லாவற்றையும் ஒவ்வொரு தேவாலயமும் பதிவேட்டில் எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. பேரேட்டில் ஏறிய பெயரை எளிதில் மாற்ற முடியுமா? அப்பனுக்கு வைத்த அடையாளம் மகனுக்கும் பேரனுக்கும் ஒட்டிக்கொண்டது. உப்பையே தொடாத உப்புக்காரர்கள் இப்படித்தான் உண்டானார்கள்.

சென்னைக்குக் கொள்முதலுக்குப் போய்வரும் நம் உறுப்பினர்கள் இந்த வகைப் பெயர்களைத் தினமும் உச்சரிக்கிறார்கள். பாரிமுனைக்குப் பெயர் தந்த தாமஸ் பாரி 1788ல் சென்னைக்கு வந்தவர். பாரி என்பது வேல்ஸ் நாட்டுப் பெயர். 'ஆப் ஹாரி', அதாவது ஹாரியின் மகன் என்பது தேய்ந்து பாரி ஆயிற்று. நம் இனிஷியல் போலத் தகப்பன் பெயரைச் சுமந்து நிற்கும் பெயர் அது. அண்ணா சாலையில் கடை வைத்த ஸ்பென்ஸரின் பெயருக்குப் பண்டகசாலையிலிருந்து சாமான் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பாளர் என்று பொருள். கடைக்காரருக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. சாப்மன் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்போம். அதன் பொருள் வியாபாரி. நம் நாட்டிலும் பார்சி மக்கள் ஆங்கிலேயர் காலத்தில் தொழிலையே குடும்பப் பெயராக்கிக்கொண்டார்கள். கிரிக்கெட் ஆடிய நாரி கான்ட்ராக்டர், பரூக் எஞ்சினியர் பெயர்களை நம் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

மொத்த வியாபாரிகளுக்கு ஒரு செய்தி. நாம் இன்று மளிகைக் கடையைக் குறிக்கும் குரோசர் என்ற ஆங்கிலச் சொல், முதலில் சில்லறைக் கடைக்காரரைக் குறிக்கவில்லை. மொத்தமாக வாங்கி விற்கிறவரையே குறித்தது. இங்கிலாந்தில் மிளகு வியாபாரிகளாக இருந்தவர்கள் பிறகு அந்தப் பெயரில் சங்கம் வைத்தார்கள். நம் சொல்லை அவர்கள் சில்லறைக்குக் கொடுத்துவிட்டார்கள்!

வண்டியின் அச்சு

1086ல் இங்கிலாந்து மன்னர் வில்லியம் நாடு முழுக்கக் கணக்கெடுத்தார். அந்தக் கணக்கில் செஷயர் உப்பு ஊர்களுக்குத் தனி விதிகள் எழுதப்பட்டுள்ளன. நான்கு மாடு பூட்டிய உப்பு வண்டிக்கு ஒரு சுங்கம், இரண்டு மாட்டு வண்டிக்கு அதில் பாதி. இன்னொரு விதி நம்மைச் சிரிக்க வைத்தது. ஊரை விட்டுச் சற்றுத் தூரம் போவதற்குள் வண்டியின் அச்சு முறியும்படி அளவுக்கு மேல் உப்பு ஏற்றியவனுக்கு அபராதம். ஓவர்லோடு என்பது நேற்று வந்த குற்றமல்ல என்று தெரிகிறது.

இதைப் படித்ததும் நமக்குப் புறநானூறு நினைவுக்கு வந்தது. ஔவையார் பாடிய ஒரு பாட்டில் உப்பு வணிகரின் வண்டி வருகிறது. மேடும் பள்ளமுமான வழியில் என்ன நேருமோ என்று எண்ணி, மூலஅச்சுக்குக் கீழே இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். சேம அச்சு என்று அதற்குப் பெயர். லாரியில் நாம் கட்டிப்போகும் ஸ்டெப்னிக்குப் பாட்டன் அது. அங்கே அச்சு முறிந்தால் அபராதம் போட்டார்கள். இங்கே முறிவதற்கு முன்பே மாற்று அச்சு கட்டினார்கள். நமக்கு இதில் பெருமைதான், மறைப்பானேன்?

அந்த வண்டிக்காரர்களுக்கு உமணர் என்று பெயர். கடற்கரையில் உப்பு வாங்கி, மாட்டு வண்டி வரிசையில் ஏற்றி, குடும்பத்தோடு உள்நாடு சென்று, நெல்லுக்கு மாற்றி வந்தவர்கள். சங்கப் பாடல்களில் அவர்கள் பலமுறை வருகிறார்கள். சிறுபாணாற்றுப்படையில் உமணர் வண்டியோடு ஒரு குரங்கும் வருகிறது. அவர்கள் வீட்டுப் பிள்ளைபோலவே வளர்ந்து, உமணச் சிறுவர்களோடு கிலுகிலுப்பை ஆடுகிறது. அந்த நூல் ஓய்மானாட்டு மன்னன் நல்லியக்கோடன் மீது பாடப்பட்டது. அதில் வரும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்றும், கிடங்கில் திண்டிவனத்தை ஒட்டிய ஊர் என்றும் ஆய்வாளர்கள் கூறுகிறார்கள். அப்படியென்றால் நம் உப்பு லாரிகள் மரக்காணத்திலிருந்து திண்டிவனத்துக்குப் போகும் வழி இரண்டாயிரம் ஆண்டுப் பழசு.

பூமீஸ்வரர் கோயில் சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள் இருக்கின்றன. உப்பு விளையும் இடத்துக்கு நாம் சொல்லும் அளம் என்ற சொல் தமிழின் பழஞ்சொற்களில் ஒன்று. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு ஆள் வைத்து ஒரு பகுதி தோண்டிய பக்கிங்காம் கால்வாய் தெற்கே மரக்காணத்தில்தான் முடிகிறது. அந்தக் கால்வாயில் உப்பும் விறகும் படகில் சென்னைக்குப் போன கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன் பெயரும் அப்போதைய கவர்னராக இருந்த பக்கிங்காம் பிரபுவின் பெயர். ஊரின் பெயர் பட்டமாகி, பட்டம் கால்வாயின் பெயராகி நம் ஊர் வரை வந்து நின்றது.

இத்தனை இருந்தும் உமணர் என்ற பெயரை இன்று யார் சுமக்கிறார்கள்? நமக்குத் தெரிந்து இந்தக் கடற்கரையில் யாருமில்லை. சொல் இலக்கியத்தில் இருக்கிறது, வாசலில் இல்லை.

பெயர் போகும் வழி

சால்ட்டர்கள் வேறு வழியில் போனார்கள். லண்டனில் பிரெட் ஸ்ட்ரீட் பக்கம் கூடிய உப்பு வணிகர்கள் 1394ல் மன்னரிடம் அனுமதி பெற்று ஒரு சங்கம் வைத்தார்கள். லண்டனின் முதன்மையான பன்னிரண்டு வணிகச் சங்கங்களின் வரிசையில் அது ஒன்பதாவது. உப்போடு உப்புக்கண்டம், உப்பு மீன், பிறகு சாயம், ரசாயனச் சரக்கு என்று வியாபாரம் விரிந்தது. அந்தச் சங்கம் இன்றும் இருக்கிறது. உப்பு விற்பதில்லை. முதல் உலகப் போர் முடிந்த 1918ல் ரசாயனப் படிப்புக்கென்று ஒரு நிறுவனம் தொடங்கி, போருக்குப் போய் வந்த இளைஞர்கள் படிக்க உதவினார்கள். ரசாயனக் கல்விக்கு இன்றும் உதவி செய்கிறார்கள். அறுநூறு ஆண்டு நின்ற ஒரு வியாபாரச் சங்கம்! நம் சங்கத்துக்கும் அப்படி ஒரு ஆயுள் வேண்டாமா?

பெயர் சுமந்தவர்களோ எங்கெங்கோ போனார்கள். ஆல்பிரட் சால்ட்டர் என்பவர் லண்டன் பெர்மாண்ட்ஸியில் ஏழைத் தொழிலாளர் நடுவே வாழ்ந்த மருத்துவர். தொழிற்கட்சியின் பாராளுமன்ற உறுப்பினராகவும் இருந்து 1945ல் காலமானார். ஆர்தர் சால்ட்டர் என்பவர் ஆக்ஸ்போர்டில் படகு கட்டும் குடும்பத்தில் பிறந்து பொருளாதார நிபுணரானவர். இவர் 1931ல் இந்திய அரசின் அழைப்பில் இங்கே வந்து, பொருளாதார ஆலோசனை அமைப்பு ஒன்றுக்குத் திட்டம் எழுதிக் கொடுத்தார்.

அந்த ஆண்டை நம் வாசகர்கள் கவனிக்க வேண்டும். 1805லேயே சென்னை மாகாணத்தில் உப்பைக் கும்பினியார் தங்கள் ஏகபோகமாக்கிவிட்டார்கள். செஷயரில் காய்ச்சிய உப்பு லிவர்பூல் கப்பலில் ஏறிக் கல்கத்தாவில் இறங்கியது. 1930 ஏப்ரல் 6ஆம் தேதி காந்தியடிகள் தண்டியில் உப்பு எடுத்தார். ஏப்ரல் 13ஆம் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு புறப்பட்டு, 30ஆம் தேதி வேதாரண்யத்தில் உப்பு அள்ளிக் கைதானார். 1931 மார்ச் 5ஆம் தேதி ஒப்பந்தத்தில்தான் கடற்கரைக் கிராம மக்கள் தங்கள் தேவைக்கு உப்பு எடுக்க வழி பிறந்தது. இந்தியாவே உப்புக்காக நின்ற அந்தச் சமயத்தில் உப்புக்காரர் என்று பெயர் கொண்ட ஒரு ஆங்கிலேயர் வந்து போயிருக்கிறார். அவருக்கு உப்போடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. உப்புக்காக அடிபட்ட நம்மவர்களுக்கோ அந்தப் பெயர் இல்லை. உப்பு வரி 1947ல்தான் ஒழிந்தது.

இதையெல்லாம் படிக்கும்போது, நமக்கும் தொழிற்பெயர் இருந்திருந்தால் நன்றாக இருக்குமே என்று சிலருக்குத் தோன்றலாம். நமக்கும் தோன்றியது. யோசித்தால் அப்படியல்ல. அங்கே உப்புக்காரர் மகன் மருத்துவராகலாம், படகு கட்டலாம். பெயர் ஒட்டிக்கொண்டு வந்தது, தொழிலைக் கட்டிப்போடவில்லை. இங்கே தொழிற்பெயர் பெரும்பாலும் சாதிப்பெயராக இறுகி, இன்னார் இன்ன தொழில்தான் செய்யலாம் என்று ஆளையே கட்டிப்போட்டது. 1929ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைப் பெயருக்குப் பின்னால் போடுவதில்லை என்று தீர்மானம் போட்டார்கள். தமிழ்நாடு அதை ஏற்றுக்கொண்டது. அது நல்லதுதான். விட்ட பட்டத்தைத் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. நாம் கேட்பது வேறு. சாதியில்லாமல், தொழிலின் நாணயத்தை மட்டும் சுமக்கிற பெயர் நமக்கு இருக்கிறதா?

இருக்கிறது. கடையின் பெயர்.

தராசில் நின்ற பெயர்

தராசுக்கு வருவோம். 1760 வாக்கில் இங்கிலாந்தில் பில்ஸ்டன் என்ற ஊரில் ரிச்சர்டு சால்ட்டர் என்பவர் சுருள்கம்பித் தராசு செய்யத் தொடங்கினார். கம்பியை எவ்வளவு பாரம் இழுக்கிறதோ அதற்கு ஏற்றபடி அது நீளும். இதை ராபர்ட் ஹூக் என்ற விஞ்ஞானி 1678ல் வெளியிட்டிருந்தார். அந்த விதிதான் இந்தத் தராசுக்கு அடிப்படை. எடைக்கல் வேண்டாம், தட்டு வேண்டாம், கொக்கியில் மாட்டினால் போதும். பிறகு குடும்பத்தைச் சேர்ந்த ஜார்ஜ் சால்ட்டர் பெயரில் கம்பெனி வெஸ்ட் புரோம்விச் ஊருக்கு மாறியது. அந்தத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் 1878ல் சேர்ந்து தொடங்கிய கால்பந்துக் குழுதான் வெஸ்ட் புரோம்விச் ஆல்பியன். நம் நாட்டில் குழந்தைகளுக்கு எடை பார்க்கிற தொங்கு தராசுக்குச் சுகாதாரத் துறையினர் 'சால்ட்டர் தராசு' என்றே சொல்கிறார்கள். வேறு கம்பெனி செய்ததையும் அந்தப் பெயரால் அழைப்பவர்கள் உண்டு.

பாருங்கள். உப்பு விற்ற யாரோ ஒருவருக்கு ஊரார் வைத்த அடையாளம், பேரேட்டில் உறைந்து, உப்பு கைவிட்டுப் போன பிறகும் வம்சத்தில் தங்கி, கடைசியில் ஒரு தராசின் முகத்தில் போய் உட்கார்ந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அந்தப் பெயரைச் சுமந்திருக்கும். மரக்காணத்து அங்கன்வாடி வரை வந்தது தராசு செய்தவரின் பெயர்தான். முள் பொய் சொல்லியிருந்தால் அந்தப் பெயரும் வந்திருக்காது.

எடையையும் பெயரையும் பற்றி நம் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாம் தகப்பனாரோடு வியாபாரத்துக்கு வந்த புதிது, 1980களின் தொடக்கம். மழை வருவதுபோல் இருந்தது. வாரிக் குவித்த உப்பு சரியாக நீர் வடிவதற்குள் அவசரமாக மூட்டை பிடித்து, உள்ளூர்ப் பக்கம் ஒரு மளிகைக் கடைக்கு லோடு அனுப்பிவிட்டோம். அவசரப்படுத்தியது நாம்தான். பத்து நாள் கழித்து ஒரு போஸ்ட் கார்டு வந்தது. மூட்டைக்கு நாலு கிலோ குறைகிறது என்று எழுதியிருந்தார் கடைக்காரர். வசவு ஒன்றுமில்லை. "தங்களிடம் இப்படி வந்ததில்லை" என்று ஒரு வரி மட்டும் இருந்தது.

உப்பு என்றால் நீர் விடும், எடை குறையும், இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே, அப்படியே பதில் எழுதிவிடலாம் என்றோம். தகப்பனார் கார்டை வாங்கி இரண்டு முறை படித்தார். "நீர் விட்டது உப்பு. விடுறதுக்கு முன்னாடி நிறுத்து அனுப்பினது நாம்" என்றார். குறைந்த அத்தனை கிலோவுக்கும் பற்று எழுதி, அடுத்த லோடில் கழித்துக் கொடுத்தார். அந்த மாதம் லாபம் என்று ஒன்றும் நிற்கவில்லை. நமக்கு வருத்தம். அப்போது அவர் சொன்னதை மறக்க முடியாது. "உப்பு கரையலாம்டா. பேரு கரையக்கூடாது."

அந்தக் கடையில் இப்போது இரண்டாம் தலைமுறை உட்கார்ந்திருக்கிறது. நம் சொந்தப் பெயர் அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. போனில் "மரக்காணம் உப்புக்கடைங்களா?" என்றுதான் கேட்பார்கள். சால்ட்டர் என்ற பெயரின் பொருளைத் தெரிந்துகொண்ட அன்று நமக்கு அந்தக் குரல்தான் நினைவுக்கு வந்தது. நமக்கும் அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம்தான் கவனிக்கவில்லை.

இனி என்ன

அந்தக் குரல் இப்போது குறைந்து வருகிறது. சாப்பாட்டு உப்பு என்றால் அயோடின் கலந்திருக்க வேண்டும் என்ற சட்டம் 1998ல் வந்து, 2000ல் தளர்ந்து, 2006 மே மாதம் மீண்டும் நடைமுறைக்கு வந்தது. பிள்ளைகள் உடல்நலத்துக்கு அது வேண்டியதுதான், நாம் எதிர்க்கவில்லை. ஆனால் அதோடு வியாபார முறையும் மாறியது. கடை வாசலில் கோணி விரித்து, கல்லுப்பைப் படியால் அளந்து கொடுத்த காலம் போய், பாக்கெட் வந்தது. பாக்கெட்டின் முன்பக்கம் பெரிய எழுத்தில் பிராண்டு பெயர். உப்பைப் பாக்கெட் போட்டவர் பெயரும் ஊரும் பின்பக்கம் சின்ன எழுத்தில். வெயிலில் நின்று வாரியவர் பெயர் எங்கும் இல்லை. நடுவில் வாங்கி விற்ற நம் பெயரும் இல்லை.

பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். போகட்டும். சால்ட்டர்களில் ஒருவர் மருத்துவரானார், ஒருவர் தராசு செய்தார். அதற்காக யாரும் அவர்களைக் குறை சொல்லவில்லை. தொழில் கைமாறுவது இயல்பு. ஆனால் அங்கே பேரேட்டில் ஏறிய பெயர் இருந்ததால், எந்தப் பேரனும் புரட்டிப் பார்த்து நாம் உப்புக்காரர் வழி என்று தெரிந்துகொள்ள முடிகிறது. நம் வீட்டில் பழைய நாள்வழியும் பேரேடும் வெள்ளத்திலும் கரையானிலும் போய்க்கொண்டிருக்கின்றன. அடுத்த பேரன் கேட்டால் எதைக் காட்டுவது?

ஆகவே நம் சங்கத்துக்கு மூன்று யோசனைகளை முன்வைக்கிறோம். முதலாவது, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் கடையின் கதையை ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். யார் தொடங்கியது, எந்த ஆண்டு, என்ன சரக்கு, எந்தத் தெரு, கடையை ஊரார் என்ன சொல்லி அழைத்தார்கள். இது போதும். சாதி வேண்டாம், சொத்துக் கணக்கு வேண்டாம். சங்க அலுவலகத்தில் ஒரே புத்தகமாகக் கட்டி வைத்தால் அதுதான் நம் பதிவேடு. இரண்டாவது, கணக்கெழுதியவர், மூட்டை தூக்கியவர், உப்பு வாரியவர் பெயர்களையும் அதில் சேர்க்க வேண்டும். அவர்கள் இல்லாமல் எந்தக் கடையும் நின்றதில்லை. மூன்றாவது, சொந்தமாகப் பாக்கெட் போடும் உறுப்பினர்கள் தங்கள் ஊர்ப் பெயரையும் கடைப் பெயரையும் முன்பக்கம் கண்ணில் படும்படி அச்சிட வேண்டும். மரக்காணத்து உப்பு என்று எழுதுவதில் நமக்கு என்ன கூச்சம்?

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. தொழிலாளர் துறை ஆய்வாளர் வந்து முத்திரை வைத்துப் போகும் நாளில் மட்டும் தராசு நேராக இருந்தால் போதாது. எடை நின்றால்தான் பெயர் நிற்கும். பெயரை எந்தப் புத்தகத்தில் எழுதி வைத்தாலும், ஊரார் வாய் அதைச் சொல்ல வேண்டுமே.

பேரனிடம் இந்தக் கதையைச் சுருக்கிச் சொன்னோம். கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்போ நீதான் தாத்தா சால்ட்டர்" என்றான். ஆமாம் என்றோம். மறுநாள் கிடங்குக்கு வந்து, மூட்டை நிறுக்கும்போது முள்ளையே பார்த்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.